அக்கா வீட்டு முகவரியில் வாங்கிய இடம்

என் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, ஒரு இரைச்சல் இருக்கிறது. காதோடு வைத்துக் கேட்டால் ரேடியோவில் ஸ்டேஷன் சிக்காதபோது வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். டயலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்த இடம் அது. அந்தக் கையை எட்டு மாதம் முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அந்த எட்டு மாதத்தில் நான் செய்த ஒரு கேவலமான காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லாமலே இருந்துவிடலாம், யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் பிறந்தது நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். படித்து, கண்டி டவுனில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்காகச் சேர்ந்து, முப்பது வருசத்துக்கு மேல் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சன் எடுத்தவன். "இந்த ஃபோம் சரியில்ல, போயிட்டு நாளைக்கு வாங்க" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேனோ, எனக்கே கணக்குத் தெரியாது. கோபக்காரன் என்று பேர் வாங்கினவன். மனைவி டவுன்காரி, அவள் அப்பாவுக்கு இங்கே துணிக்கடை இருந்தது. எங்களுக்கு ஒரே மகள். தோட்டத்தில் எனக்கென்று மிச்சமிருப்பது ஒரு அக்கா மட்டும்தான், என்னைவிட ஆறு வயசு மூத்தவள். காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். பிள்ளைகள் கொழும்பில் இருக்க, எங்கள் பழைய லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாகக் கிடக்கிறாள்.

சீனி வியாதி இருபது வருசமாக எனக்கு உண்டு. அது கடைசியில் கிட்னியைத் தின்றுவிட்டது. கண்டியில் கிளினிக் டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, "இனி தள்ளிப்போட ஏலாது, எங்கே செய்யப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க" என்றார். நல்ல மனிதர், அவசரப்படாமல் விளக்கினார். வீட்டிலேயே வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீரை விட்டு எடுக்கிற ஒரு முறை இருக்கிறது, அதற்கு ஒரு துப்புரவான அறை வேண்டும், மாதா மாதம் பெட்டி பெட்டியாகச் சாமான் வரும். தனியார் இடங்கள் இருக்கின்றன. இல்லாவிட்டால் அரசாங்க யூனிட். "உங்களுக்கு அதிர்ஷ்டம், இங்கேயே செவ்வாயும் வெள்ளியும் காலையில ஒரு கட்டில் காலியாகப் போகுது. வீட்டிலிருந்து பத்து நிமிசம். பேரை எழுதட்டுமா?" என்று பேனாவைத் திறந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் டொக்டர்" என்றேன்.

அவர் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். "இதில யோசிக்க என்ன இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. நான் ரிப்போட்டை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இருந்தது என்னவென்றால், அந்த மாதம்தான் மகளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. பையன் வீட்டுக்காரர்கள் டவுனிலேயே கடை வைத்திருப்பவர்கள், நல்ல இடம். எங்கள் டவுன் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுக்கிற வீட்டில் வியாதி இருக்கக் கூடாது. எல்லார் வீட்டிலும் இருக்கும், ஆனாலும் இருக்கக் கூடாது! சீனி, பிரஷர் என்றால் மன்னித்துவிடுவார்கள். கிட்னி என்றால் "பரம்பரையில வருதோ?" என்று ஒரு கேள்வி வரும். கேள்வி வந்த பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பி வர மாட்டார்கள், ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் சொல்லி அனுப்புவார்கள். என் மனைவியின் தங்கைக்கு நெஞ்சுவலியை மறைத்துத்தான் கல்யாணம் நடந்தது. அவர்கள் வீட்டில் இதைத் தப்பென்று யாருமே நினைத்ததில்லை, சாமர்த்தியம் என்றுதான் சொல்வார்கள்.

கண்டி யூனிட்டுக்கு வாரம் இரண்டு தடவை போனால் மூன்றாம் வாரம் டவுனுக்கே தெரிந்துவிடும். அந்த வராந்தாவில் ஐந்து நிமிசம் நின்றாலே தெரிந்தவர் பத்துப் பேர் வருவார்கள். என் கவுண்டருக்கு வராத ஆள் இந்த டவுனில் கிடையாது. வீட்டில் செய்யலாமென்றால், சம்பந்தி வீட்டார் திடீரென்று வந்து நிற்பார்கள், கூரை வரைக்கும் அடுக்கிய மருந்துப் பெட்டிகளை எங்கே ஒளிப்பது? தனியார் இடம் என் பென்சனுக்குத் தாங்காது. அப்போதுதான் எனக்கு நாவலப்பிட்டிப் பக்கம் இருந்த யூனிட் ஞாபகத்துக்கு வந்தது. முப்பது வருசத்துக்குப் பிறகு அங்கே என் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த யூனிட்டில் அந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் முதலிடம். அங்கே குடியிருப்பதாகக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும்.

கடிதம் எப்படி எடுப்பது என்று எனக்கா தெரியாது? அக்கா வீட்டுக்குப் போனேன். தீபாவளிக்கும் போகாதவன் ஒரு சாதாரண புதன்கிழமை போய் நின்றதும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டாள். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். வியாதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு விசயத்துக்கு வந்தேன்.

"கிராம சேவகர்ட்ட போயி, தம்பி இப்ப என் கூடத்தான் இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லணும் அக்கா."

"நீ எங்கடா என் கூட இருக்க? மழைக்குக்கூட இந்தப் பக்கம் ஒதுங்க மாட்ட."

"ஒரு கடுதாசிக்குத்தான்."

"கண்டியில எடமில்லையா?"

"இல்ல அக்கா. நெறஞ்சு போச்சு."

கண் இமைக்காமல் சொன்னேன். அக்கா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

"நம்ம லயத்துலயே ஒருத்திக்கு இதே வியாதிதான் தம்பி. நாலு காம்பரா தள்ளி. நாப்பது வயசுகூட ஆகல, ரெண்டு புள்ளைக. அவளும் அந்த எடத்துக்குத்தான் எழுதிப் போட்டுட்டு ஒக்காந்திருக்கா. உனக்குக் குடுத்தா அவளுக்குக் கெடைக்காமப் போயிருமோ?"

"அது வேற லிஸ்ட் அக்கா" என்றேன்.

வேறு லிஸ்ட் என்று ஒன்று கிடையாது. ஒரே லிஸ்ட்தான். வாழ்நாள் முழுக்க லிஸ்ட் போட்டவன் நான், ஒரு ஆள் மேலே ஏறினால் ஒரு ஆள் கீழே இறங்குவார் என்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரித் தெரிந்த விசயம். கேட்டது என் அக்கா. நான் சொன்னால் நம்புகிறவள். "அப்பச் சரி" என்று முகம் தெளிந்து, அடுத்த நாளே கிராம சேவகரிடம் போய்ச் சொன்னாள். அந்த மனிதர் அவளை வருசக்கணக்காக அறிந்தவர். "உங்க தம்பின்னா சரிதான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து ஆட்களுக்கு வருகிற கடிதம் நேரே வீட்டுக்கு வராது. தோட்டத்து ஆபீசுக்கு மொத்தமாக வந்து ஒரு கட்டாகக் கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அக்கா சொன்ன அந்தப் பெண்ணுக்கு யூனிட்டிலிருந்து வந்த கடிதம் அங்கே கிடந்திருக்கிறது, ரத்தப் பரிசோதனைத் தாள்களோடு வந்து பதியச் சொல்லி. அந்த லயத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. அதனால் கிராம சேவகர் தந்த கடிதத்தை நான் தபாலில் போடவில்லை, பதில் வரவும் காத்திருக்கவில்லை. கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நானே போய்ப் பதிந்தேன். அவள் வந்து சேர்ந்தபோது இடம் போய்விட்டிருந்தது. அவளைக் கண்டிக்கு அனுப்பினார்கள். செவ்வாயும் வெள்ளியும், காலையில்.

ஆமாம், நான் வேண்டாமென்று விட்டுவந்த அதே கட்டிலுக்கு.

இது எனக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து அக்கா போனில் சொல்லித்தான் தெரியும். "அவளுக்கும் கெடைச்சிருச்சு தம்பி, கண்டியிலயாம். பாவம், தூரந்தான்" என்றாள். எனக்கு ரயிலில் உட்கார்ந்திருந்த இடத்திலேயே வேர்த்தது. அதே செவ்வாயும் வெள்ளியும் நான் கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அவள் நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். கம்பளைப் பக்கம் எங்கேயோ என் ரயிலும் அவள் பஸ்ஸும் வாரம் இரண்டு தடவை ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. இரண்டு நோயாளிகள், இரண்டு கட்டில்கள், ஒருவர் வாசலில் மற்றவருடைய கட்டில். இதைவிடக் கிறுக்குத்தனம் ஒன்று உண்டா? என் கவுண்டருக்கு இப்படி ஒரு கோப்பு வந்திருந்தால் எவன்டா இதைச் செய்த மடையன் என்று கத்தியிருப்பேன்.

ஆனாலும் போய்வந்தேன். சம்பந்தி வீட்டாரிடம், நாவலப்பிட்டியில் ஒரு சிநேகிதரின் கடையைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாள் போகிறேன் என்று சொல்லி வைத்தோம். "பென்சன் எடுத்தும் சும்மா இருக்க மாட்டீங்க, எங்க வீட்டு ஆம்பளைகளும் இருக்காங்களே!" என்று சம்பந்தியம்மா என்னைப் புகழ்ந்தார். நான் சிரித்தேன். மனைவிக்கு வியாதியும் தெரியும், பொய்யும் தெரியும். லயத்துப் பெண் விசயம் மட்டும் தெரியாது. அவளிடம்கூட அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யூனிட்டில் எல்லாரும் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். போனதும் நிறை பார்ப்பார்கள், கட்டிலில் போடுவார்கள், இரண்டு ஊசி, நான்கு மணி நேரம். முடிந்து எழும்பும்போது கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடப்பேன். கண்டிக்கு வந்து சேரும்போது உயிர் போய் உயிர் வரும். அந்த அலுப்பில் சில நாள் எனக்கு என் மேலேயே இரக்கமாக இருக்கும். 'மகளுக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறேன்' என்று நினைத்துக்கொள்வேன். அதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அந்த லயத்துப் பெண் நான் போகிற தூரத்தையே போய், அதற்கு மேலே நாலு மைல் மலையும் ஏறி, வீடு சேர்ந்ததும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"தம்பி, அவ இன்னைக்கு மாரியம்மன் கோயில் முன்னால நின்னு மண்ணள்ளித் தூத்திட்டா."

யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், அவளுக்கு வர வேண்டிய இடத்தை டவுன்காரன் ஒருவன் பொய் விலாசம் கொடுத்துப் பிடித்துக்கொண்டான் என்று. யார் என்று தெரியாது. தெரியாத அந்த ஆளை நினைத்து அவள் கோயில் வாசலில் மண்ணை வாரி வாரி எறிந்து, 'என் புள்ளைகளப் பரிதவிக்க விட்டவன் வெளங்கவே மாட்டான், அவன் படுத்த எடத்துல புல்லு மொளைக்கணும்' என்று சாபம் கொடுத்திருக்கிறாள். லயமே நின்று பார்த்திருக்கிறது. என் அக்காவும் நின்று பார்த்திருக்கிறாள்.

"அந்தக் கடுதாசிய வாங்கிக் குடுத்தவ நான்தான்னு எனக்குத் தெரியுது. வேற லிஸ்டுன்னு சொன்னியேடா? வேற லிஸ்டுன்னா அவ எடம் எப்படிடா போகும்?"

"அக்கா, அதெல்லாம் உனக்கு வெளங்காது."

"வெளங்காட்டிப் போகட்டும். நீ அத விட்டுட்டு வந்துரு. அவ வயிறெரிஞ்சு சொல்லிட்டா, அது உன் தலையில வந்து விழுந்துரும். ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்?"

அக்காவுக்கு அவள் மேலும் பாவம், என் மேலும் பயம். எனக்கோ கோபம்தான் வந்தது. குற்றவாளிக்கு எப்போதும் கோபம் முதலில் வரும் போல. "கல்யாணம் முடியட்டும் அக்கா, அதுக்குப் பொறகு பாப்போம். சும்மா மண்ணுக்கும் மந்திரத்துக்கும் பயந்துகிட்டு என் உயிரை வாங்காத" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பயம் எனக்கும் இருந்தது, ஒப்புக்கொள்ளத்தான் மனசில்லை.

அப்புறம் மழை பிடித்தது. தோட்டத்து ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, டவுனிலிருந்து ரயில் ஓடியது, நான் பாட்டுக்குப் போய் என் கட்டிலில் படுத்தேன். கீழே யூனிட்டில் நான் படுத்திருந்தபோது மேலே லயத்தில் அவள் வழி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு செவ்வாய் போனது, வெள்ளி போனது, அடுத்த செவ்வாயும் போனது. டயலிசிஸ் தெரிந்தவர்களுக்கு மூன்று தடவை தவறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உடம்பிலிருந்து வெளியேற வேண்டிய தண்ணீரெல்லாம் உள்ளேயே தங்கி, நெஞ்சுக்குள் ஏறி, படுத்தால் மூச்சு முட்டும். அவளைப் பலகையில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு, சரிந்த மண்ணைத் தாண்டி இறங்கியிருக்கிறார்கள். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் இருதயம் பலவீனமாகிவிட்டது. மேட்டில் ஏற முடியாமல் அப்போதிலிருந்து கையில் ஒரு கம்பு.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் என் மகளின் கல்யாணம்.

அக்கா வரவில்லை. "அவ ஆஸ்பத்திரியில கெடக்கா. நான் பட்டுச்சீலை கட்டிக்கிட்டு அவ வாசலத் தாண்டி எப்படிடா எறங்குறது?" என்று கேட்டாள். "ஒன் இஷ்டம்" என்றேன். மணவறையில் எல்லாரும் சிரித்த முகமாக நின்றார்கள். சம்பந்தி சந்தோசத்தில் என் இடது கையைப் பிடிக்க வந்தார், நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என் கல்யாணப் படங்களில் அக்கா இருக்கிறாள், மகளின் படங்களில் இல்லை.

கல்யாணம் முடிந்து இரண்டாம் வாரம் மகளும் மருமகனும் சாப்பிட வந்தார்கள். நான் சோற்றைக் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, பருப்பையும் கீரையையும் தள்ளி வைத்தேன். மருமகன் சாதாரணமாக, "மாமா, பொட்டாசியம் கிட்னிக்கு ஆகாதுன்னா ஒதுக்குறீங்க? போன தடவை ரிப்போட் எப்படி?" என்றார். நான் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு மகளைப் பார்த்தேன். மகள் குனிந்துகொண்டே, "நான் அவர்கிட்ட எப்பவோ சொல்லிட்டேன் அப்பா. நிச்சயத்துக்கு முந்தியே. மாமி மாமாவுக்கும் தெரியும். நீங்களாச் சொல்லட்டும்னு பேசாம இருந்தாங்க" என்றாள்.

சந்தோசப்பட வேண்டிய நேரம் அது. நல்ல பிள்ளைகள், நல்ல குடும்பம். நான் எழும்பிக் கை கழுவப் போய், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். யாருக்குப் பயந்து அந்த லயத்துப் பெண்ணின் கட்டிலைப் பிடித்தேனோ, அவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும்! என் எட்டு மாதப் பொய்யும் அவள் நெஞ்சில் ஏறின தண்ணீரும் எதற்காக?

இப்போதாவது திருந்தினேனா என்றால், அதுவும் இல்லை. நாவலப்பிட்டி யூனிட்டில் போய் என்னைக் கண்டிக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்காக என்று சொன்னால் பொய். ரயில் பயணம் உடம்புக்கு ஏலவில்லை, ஒளிய வேண்டிய தேவையும் முடிந்துவிட்டது. அதுதான் காரணம்.

யூனிட்டின் பெரிய மிஸ், அதாவது தலைமை நர்ஸ், என் கோப்பையும் இன்னொரு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். சிங்களத்தில்தான் பேசுவார், மெதுவாக, மரியாதையாக. கண்டிக்குப் போய்வருகிற ஒரு பெண் இங்கே வரக் காத்திருக்கிறாள், இரண்டு பேரையும் மாற்றிவிடலாம் என்றார். பிறகு விரலால் இரண்டு விலாசத்தையும் தொட்டார். "ஒரே தோட்டம், ஒரே லயம். ஐயாவுக்கு இவரைத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன். "நான் இனி கண்டியில் மகளோடு இருக்கப் போகிறேன்."

மிஸ் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தார். அந்த மழைக்காலத்தில் தோட்டத்திலிருந்து வருகிற ஒவ்வொரு நோயாளியின் காலிலும் செம்மண் சேறு இருக்கும். என் சப்பாத்து பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. எட்டு மாதமும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை, முத்திரையைக் குத்திக் கோப்பை என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாற்றம் கிடைத்ததையும் கண்டிக்குப் போக வேண்டிய நாளையும் அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் "ம்" என்றாள், அவ்வளவுதான்.

கண்டி யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னை வரச் சொன்னார்கள், கோப்புத் திறப்பதற்கு. முதல் தடவையாக அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். நான் பயந்த மாதிரியே வராந்தாவில் தெரிந்த முகம். என்னோடு கந்தோரில் வேலை செய்த ஒருவர், தன் மனைவிக்காக வந்திருந்தார். "அட, நீங்களா! என்ன இது?" என்று கையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார். அந்த நீள மர வாங்கின் மறு கோடியில் ஒரு பெண் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஒரு கம்பு. அவள் புருசன் மருந்துப் பையை வைத்துக்கொண்டு நின்றான். காலையில் கட்டிலை விட்டு எழும்பியவள், இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், எனக்காக.

கம்பை ஊன்றி எழும்பி வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"மாமா, நீங்கதானே பெரியம்மாவோட தம்பி?"

என் அக்கா அவளுக்குப் பெரியம்மா. அந்த முறைக்கு நான் மாமா.

"ஆமா" என்றேன்.

"பெரியம்மா நேத்துதான் எல்லாத்தையும் சொன்னாங்க. தான்தான் கடுதாசி குடுத்ததாச் சொல்லி அழுதாங்க. மூணு நாளா அவுங்க சரியாச் சாப்பிடல மாமா, ஒரு போன் எடுத்துப் பேசுங்க."

அவள் துப்பினால் துப்பட்டும், அடித்தால் அடிக்கட்டும் என்று நின்றேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் மனசுக்குள் பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி எல்லாம் சரி, கடிதம் இருந்தது, முதலில் வந்தவருக்கு முதலில் என்று.

அவள் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். திருநீறு.

"தெரியாம மண்ணள்ளித் தூத்திட்டேன் மாமா. எவனோ டவுன் ஆளு குறுக்க பூந்துட்டான்னு நெனச்சேன். நம்ம லயத்துல பொறந்த ஆளுன்னு தெரியாது. உங்களுக்கும் அங்க பாத்தியதை இருக்குல்ல? நீங்களும் என்ன மாதிரி நோயாளி. கண்டியில எடமில்லாமத்தானே அங்க வந்தீங்க? நான் வாயக் கட்டியிருக்கணும்." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினாள். "பூசாரிகிட்டக் கேட்டேன். சாபம் போட்டவளே தன் கையால திருநீறு பூசி எடுத்தாத்தான் அது போகுமாம். உங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலயே மாமா?"

கண்டியில் எனக்கு இடம் இருந்தது. இதே கட்டில்தான். அதைச் சொல்ல ஒரு நிமிசம் போதும். நாலு வார்த்தை போதும். கந்தோர்க்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் இன்னும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். ஊசி குத்தின கையாலேயே அவள் என் நெற்றியில் திருநீற்றைப் பூசி, ஏதோ முணுமுணுத்து, என் தலையைச் சுற்றிக் கையை உதறினாள்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. அதக் கேட்டுட்டுப் போனாத்தான் எனக்கு நிம்மதி."

அவள் புருசனும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினான்.

பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "சரிம்மா, மன்னிச்சிட்டேன்" என்றேன்.